அளக்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது

வரப்போரம் டோட்டல் ஸ்டேஷன் என்ற நிலம் அளக்கும் கருவியோடு ஒருவர் வந்து நின்றால், 'சர்க்கார் ஆள்' என்று பயந்து ஒதுங்குவார்கள். இல்லையென்றால் தெருவே திரண்டு விரட்டும். அளவைத் தொழிலில் இருக்கும் எனக்கு இரண்டுமே வேதனைதான். வந்தவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தச் சட்டப்படி வந்திருக்கிறீர்கள்?

எங்களைப் போன்ற தனியார் அளவர்களுக்கு, உரிமமே இருந்தாலும், அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கும் அதிகாரம் கிடையாது. பக்கத்து நிலத்துக்காரர் அழைத்தால் அவர் நிலத்தைத்தான் அளக்கலாம். உங்கள் மூலைக்கல்லைப் பார்க்க வேண்டுமானால் உங்களிடம் கேட்டாக வேண்டும். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மோர் கொடுத்தே அனுமதிப்பார்கள். நாங்கள் ஊன்றும் கல் அரசு அளவைக் கல் ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வட்ட அலுவலக சர்வேயர் நிலத்தைப் பிரித்துத் தனி எண் தரும் உட்பிரிவுக்கோ, அத்து, அதாவது எல்லை, காட்டவோ வருவது வேறு. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் வரும். அதை வாங்க மறுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மறுத்தால் அளவை நிற்காது, நீங்கள் இல்லாமல் நடக்கும். அரசு அறிவித்து நடத்தும் மறு அளவையில் இது இன்னும் ஆபத்து. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி, அளவை முடிந்ததாக அறிவிக்கை வந்தபின் எல்லையை எதிர்த்து வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம்.

அதிகம் குழப்பம் வருவது, பொதுத் தேவைக்காக அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் நிலமெடுப்பில். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தில் முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகுதான் அளவைக்காக உள்ளே வரலாம். வந்தபின் மட்டம் எடுக்கலாம், மண்ணைத் துளையிடலாம், கல் நடலாம். வேறு வழியே இல்லையென்றால் நிற்கும் பயிரைக்கூட வெட்டலாம். ஆனால் உரிமையாளரோ அவர் எழுத்தில் அனுப்பிய ஆளோ இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இல்லாதபோது செய்ய வேண்டுமானால் குறைந்தது 60 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய அடைப்புத் தோட்டத்துக்குள்ளோ நுழைய, குடியிருப்பவரின் சம்மதம் இல்லையென்றால் 7 நாள் முன்னதாக எழுத்துபூர்வ நோட்டீஸ் வேண்டும். சேதத்துக்கான பணத்தை நுழையும்போதே கொடுக்க வேண்டும். தொகையில் தகராறு என்றால் கலெக்டரிடம் போகும். இதைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் மனக்குறை.

இந்தப் பாதுகாப்புகள் எல்லா எடுப்புக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம். அதில் நிலத்தை எடுக்கப் போவதாகச் சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை வந்தாலே 3பி பிரிவின்கீழ் நுழையலாம். 60 நாள் நிபந்தனை அங்கே இல்லை. 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக வயல்களில் கல் நட்டபோது எழுந்த கொந்தளிப்பை மறந்திருக்க மாட்டோம். மாநில நெடுஞ்சாலைக்கும் தொழிற்சாலை நிலத்துக்கும் தனித்தனி மாநிலச் சட்டங்கள் உண்டு.

அதிகாரம் உள்ளவரைக் கையால் தடுக்காதீர்கள். அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 221ஆம் பிரிவில் வழக்கு வரும். நட்ட கல்லைப் பிடுங்கினால் அது தனிக் குற்றம். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அறிவிக்கை எண், தேதி, வந்தவரின் பெயர், பதவி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிரையும் மரங்களையும் அளவைக்கு முன்பே படம் எடுங்கள். உங்கள் நிலத்தின் அளவுகள் உள்ள அரசு வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக் கல் வரை கூடவே நடங்கள்.