யூபிஎஸ் காட்டும் 100 சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

பச்சை விளக்கு எரிகிறது, திரையில் பேட்டரி 100 சதவீதம் என்று இருக்கிறது. கரன்ட் போகிறது; இரண்டே விநாடியில் கணினியும் போய்விடுகிறது. யூபிஎஸ் வாங்கி மூன்று நான்கு வருடம் ஆன வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த 100 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இதில் வியப்பு இல்லை.

வீட்டுக் கணினிக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் மணி) சீல்டு பேட்டரி ஒன்று இருக்கும். 1859-இல் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான். உள்ளே ஆறு செல்கள். அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும். சார்ஜ் ஆகும்போது நேர்த்தகட்டில் உண்டாகும் ஆக்சிஜன் அந்தப் பஞ்சின் வழியே எதிர்த்தகட்டுக்குப் போய்த் திரும்பவும் தண்ணீராகிவிடும். அதனால்தான் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதுபோல் இதற்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இல்லை.

கரன்ட் இருக்கும் வரை சார்ஜர் இந்த பேட்டரியை 13.5 முதல் 13.8 வோல்ட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். அப்போது மல்ட்டிமீட்டரை வைத்தால் தெரிவது சார்ஜரின் வோல்டேஜ். பாதி செத்த பேட்டரியும் 13.6 காட்டும். மலிவான யூபிஎஸ்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் 100 சதவீதம் என்கின்றன.

நிஜம் தெரிய வேண்டுமானால் பேட்டரியை வேலை வாங்க வேண்டும். புது 7 ஏஎச் பேட்டரியின் உள்மின்தடை, அதாவது மின்சாரத்துக்கு பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை, சுமார் 25 மில்லி ஓம். கணினியும் மானிட்டரும் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தால், அந்தத் தடையில் 0.6 வோல்ட் போகும். 12.7-லிருந்து 12.1, கவலை இல்லை. பேட்டரி பழசாகித் தடை 100 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது 2.5 வோல்ட் இழப்பு, மிஞ்சுவது 10.2. பல யூபிஎஸ்கள் 10.5 வோல்ட் அளவிலேயே, பேட்டரி பாழாகாமல் இருக்க, கதவைச் சாத்திவிடும். உள்ளே இன்னும் மின்சாரம் இருக்கிறது. இந்த வேகத்தில் வெளியே எடுக்கத்தான் வழியில்லை.

தடை ஏறுவதற்கு முக்கியக் காரணம், நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் மெல்ல மெல்ல அரிக்கப்படுவது. அமிலப் பஞ்சு காய்வதும், பாதி சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகுவதும் கூடச் சேரும். இன்வெர்ட்டர் பேட்டரி உழைத்துத் தேய்கிறது என்றால், யூபிஎஸ் பேட்டரி பெரும்பாலும் சும்மா இருந்தே வீணாகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நல்ல சார்ஜர் சூடு ஏறினால் ஒரு டிகிரிக்கு, ஒரு செல்லுக்கு சுமார் 3 மில்லிவோல்ட் வீதம் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். விலை குறைந்த பெட்டிகளில் வெப்ப சென்சாரே இருக்காது. சித்திரை வெயிலில் மேசைக்கடியில் காற்று வராத மூலையில் அதை வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கொஞ்சம் விலை கூடிய யூபிஎஸ்கள் தாமே சோதித்துக்கொள்ளும். ஏபிசி (APC) நிறுவனத்தின் ஸ்மார்ட்-யூபிஎஸ்ஸில் மாற்றாமல் விட்டால் 14 நாளுக்கு ஒருமுறை, சில விநாடிகள் லோடை பேட்டரிக்கு மாற்றி வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும். இதிலும் ஒரு சிக்கல். முழு சார்ஜில் உள்ள ஈய-அமில பேட்டரியில் லோடு விழுந்ததும் வோல்டேஜ் முதலில் சட்டென்று இறங்கி, சற்று ஏறி, அப்புறம்தான் நிதானமாகக் குறையும். ஈய சல்ஃபேட் படிகங்கள் உருவாகத் தொடங்கும்வரை உள்ள தயக்கம் இது என்பது பரவலான விளக்கம். அந்த முதல் பள்ளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நல்ல பேட்டரியும் தோற்றுவிடும்.

திரையில் வரும் ‘மீதி 20 நிமிடம்’ என்பது இன்னும் பெரிய ஊகம். 7 ஏஎச் என்ற அளவு, 20 மணி நேரம் 0.35 ஆம்பியர் வீதம் எடுத்துக் கணக்கிட்டது. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட் மணி. 250 வாட் லோடுக்கு 20 நிமிடம் வர வேண்டும். புது பேட்டரியில்கூட அதில் பாதி தேறாது. வேகமாக எடுத்தால் கிடைப்பதே குறையும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி பாய்க்கெர்ட் 1897-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார்.

டேட்டா சென்டர்களில் இது விளையாட்டல்ல. அங்கே நாற்பது பேட்டரிகளைக்கூட வரிசையாகக் கோத்து 480 வோல்ட் ஆக்குவார்கள். ஒன்றின் உள்ளிணைப்பு அறுந்தால் அந்த வரிசையே போச்சு. அதனால் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி சென்சார் வைத்து வோல்டேஜ், வெப்பம், உள்மின்தடை மூன்றையும் பதிவுசெய்கிறார்கள். பொருத்திய புதிதில் எடுத்த அளவிலிருந்து தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே அங்கு முக்கியம். சோதனையில் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பு இவ்வகை சீல்டு பேட்டரிகளுக்கு வகுத்த 1188-ஆம் எண் தரநிலையின் பரிந்துரை.

வீட்டில் அவ்வளவு தேவையில்லை. கணினியைக் கழற்றிவிட்டு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை அணையுங்கள், எர்த் இணைப்பு அப்படியே இருக்கும். எத்தனை நிமிடம் எரிந்தது என்று பெட்டியின் மேலேயே தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இதே சோதனை. பாதியாகக் குறைந்திருந்தால் புது பேட்டரி வாங்கிவிடலாம். ரொம்பத் தள்ளிப்போட்டால் பழைய பேட்டரி உப்பி உள்ளேயே இறுகிக்கொள்ளும். அதை வெளியே எடுக்கப் பெட்டியையே பிரிக்க வேண்டியிருக்கும்.