கிராம சபையில் பேசியது தீர்மானமாக ஏற என்ன செய்ய வேண்டும்?

சாக்கடை வழிந்து தெருவில் நிற்கிறது என்று கிராம சபையில் எழுந்து சொல்கிறோம். 'செய்துவிடலாம்' என்கிறார் தலைவர். அடுத்த சபையிலும் அதே சாக்கடை, அதே பதில். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை, அல்லது ஏறியும் வேலைக்கு ஆகாத விதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 3-ஆவது பிரிவின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். யாரும் அழைப்பிதழ் கொடுத்து வரச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. பேரூராட்சி, நகராட்சிகளுக்கு இது பொருந்தாது.

தலைவர் இல்லாத ஊரில் சபை கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடியலாம். வாக்காளர்கள் இருக்கும்வரை கிராம சபை இருக்கும்.

கூட்டத்துக்கு 7 நாள் முன்பே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கோயில் வளாகம் போன்ற மதச்சார்புள்ள இடங்களில் சபை நடத்தக் கூடாது. ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் கொண்டுபோக வேண்டும். காலனிக்கு ஒருமுறைகூடச் சபை வரவில்லை என்றால் அதையே முதல் கோரிக்கையாக வைப்பது நியாயம்.

கோரிக்கை எழுதும் முன் அந்த வேலை யாருடையது என்று பாருங்கள். தெருவிளக்கு, தெருக் குடிநீர்க் குழாய், குப்பை, தெரு வடிகால் எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. சாய்ந்த மின்கம்பமும் தொங்கும் கம்பியும் மின்வாரியத்தின் வேலை. சாலையில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று பிரிவு உண்டு. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி, கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும், பெரியவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். பிற துறை வேலைக்குச் சபை போடும் தீர்மானம் பரிந்துரை மட்டுமே. அதை எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

இனி தீர்மானத்தின் வாசகம். 'மேலத்தெருவில் வடிகால் வசதி செய்து தர கேட்டுக்கொள்ளப்பட்டது' என்று எழுதினால் அது அங்கேயே நின்றுவிடும். எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எந்தத் திட்டம் என்று எதுவும் இல்லாததால் யாரும் மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: '2-ஆவது வார்டு மேலத்தெருவில், நூலகம் முதல் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி வரை சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் வடிகால் அமைக்க, ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு பெற்று, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' வளர்ச்சித் திட்டம் என்ற சொல் அவசியம். மத்திய அரசு தரும் நிதிக்குழு மானியத்தில் செய்யும் வேலைகள் அந்தத் திட்டத்தில் இருந்துதான் எடுக்கப்படுகின்றன. திட்டத்தில் இல்லாத வேலைக்கு அந்தப் பணம் வராது. திட்டத்தையும் செலவையும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

'கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் ரோடு போட நிதி இல்லை என்கிறார்களே' என்ற கோபம் எல்லா ஊரிலும் உண்டு. சில சமயம் அந்தப் பதில் உண்மையாகவே இருக்கும். 2021-22 முதல் 2025-26 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிவைக்கப்பட்டிருந்த பணம். அதில் ரோடு போட முடியாது, வடிகாலுக்குக் கேட்கலாம் என்று இருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊரின் பிற தேவைகளைக் கேட்க முடிந்தது. கோரிக்கையை எந்தப் பணத்தோடு பொருத்துகிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வாசலிலேயே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அது குறைவெண் கணக்குக்கான கையெழுத்து. எழுதப்போகும் தீர்மானங்களுக்கான சம்மதமாக அதைக் கொள்ளக் கூடாது. தகராறுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன: பேசாத பொருள் பிறகு புத்தகத்தில் இருக்கும், பேசிய பொருள் இருக்காது. எனவே கூட்டம் கலையும் முன் தீர்மானங்களை எண் வாரியாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்தின் கீழே வெற்றிடம் விடாமல் கோடு போடச் சொல்லுங்கள். செல்போனில் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சியின் வரவு செலவை படிவம் 30-ல் தயாரித்து, அதன் சுருக்கத்தை பிளக்ஸ் பேனரில் வைக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நகராதீர்கள். மோட்டார் பழுது, தெருவிளக்கு உதிரிபாகம், பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்று வரிகளை நின்று படியுங்கள். எத்தனை பல்பு, எந்தத் தெரு, எந்த மோட்டார் என்று கேளுங்கள்.

குடிநீர்த் தொட்டியைக் கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் தொட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய தேதியே நின்றால் படம் எடுத்துக் காட்டலாம். குளோரின் அளவைத் தொட்டியடியில் பார்த்தால் போதாது, கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். வரிசையின் கடைசி வீட்டுக்காரர்தான் இதை வலியுறுத்திக் கேட்க வேண்டியவர்.

கூட்டம் முடிந்து ஒரு மாதத்தில், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு, நடவடிக்கை என்ன என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) எழுதிக் கேளுங்கள். தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சபையே கூட்டப்படவில்லை, அல்லது குறைவெண் இல்லாமல் நடந்ததாகக் காட்டப்பட்டது என்றால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் இருக்கும் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். மனுவில் தேதி, இடம், வந்தவர்கள் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும்.