மறைந்திருக்கும் விண்டோஸ் பாகங்களை நீக்கப்போகிறீர்களா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கால்குலேட்டர் இல்லை, போட்டோக்கள் திறக்கவில்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரையே காணவில்லை. "வைரஸ்னு நினைக்கிறேன் சார்" என்றார். விண்டோஸுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லைத் திறந்து மேல் அம்புக்குறியைத் தட்டினேன். முன்பு கொடுத்த கட்டளைகளை அது நினைவில் வைத்திருக்கும். முதலில் வந்ததே, கூடவே வந்த ஆப்கள் அத்தனையையும் எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து நீக்கும் ஒற்றை வரி. "சிஸ்டம் வேகமாகும்னு ஒரு வீடியோவில சொன்னாங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வரி என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறைத்து வைத்ததை வெளியே எடுக்கும் ஆசை புதியதில்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற மறைந்த ஃபோல்டரில் சிஸாக்.ஐஎன்எஃப் என்று ஒரு ஃபைல் இருந்தது. அதை நோட்பேடில் திறந்து, விண்டோஸ் மெசஞ்சர் என்ற அரட்டை நிரலுக்கான வரியில் 'ஹைடு' என்ற சொல்லை மட்டும் அழித்து, காற்புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டால் போதும். அதுவரை கண்ணில் படாத மெசஞ்சர், நீக்கக்கூடிய பாகங்களின் பட்டியலில் வந்து நிற்கும். நாம் பட்டியலைத்தான் திருத்தினோம். நீக்கும் வேலையை விண்டோஸே முறைப்படி செய்தது. அதனால்தான் அந்த வழி ஆபத்தில்லாமல் இருந்தது.

இன்று அதிகம் அடிபடுவது விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் பல ஜிபி காட்டும், யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே இருக்கும் ஃபைல்களில் பெரும்பகுதி, விண்டோஸ் இயங்கப் பயன்படுத்தும் சிஸ்டம்32 போன்ற ஃபோல்டர்களில் இருக்கும் அதே ஃபைல்கள்தான். ஹார்டு லிங்க் என்ற முறையில், டிஸ்க்கில் ஒரே ஒரு முறை இருக்கும் தரவு இரண்டு பெயர்களில் தெரிகிறது. எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு முறை கூட்டிவிடுகிறது. ஒருவர், சிஸ்டம் ஃபைல்களைத் தன் பெயரில் காக்கும் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸ் கணக்கிடமிருந்து உரிமையைப் பிடுங்கி அந்த ஃபோல்டரில் பாதியை அழித்துவிட்டு வந்தார். இடம் பெரிதாகக் கிடைக்கவில்லை, கணினியும் வழக்கம்போல் ஓடியது. அடுத்த அப்டேட் வந்தபோதுதான் சிக்கியது. எந்த அப்டேட்டும் ஏறவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட. ஒரு பாகத்தைப் புதுப்பிக்கவும் பழுதுபார்க்கவும் விண்டோஸ் தேடிப்போகும் கிடங்கு அதுதான். அங்கே இடம் வேண்டுமென்றால் டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' இருக்கிறது, விண்டோஸைப் பராமரிக்கும் டிஸ்ம் கட்டளை இருக்கிறது. டிஸ்மில் 'ரீசெட்பேஸ்' சேர்த்தால் மட்டும், அதுவரை போட்ட அப்டேட்களைத் திரும்ப எடுக்க முடியாது.

சரி, எதையுமே தொடக்கூடாதா? நான் பார்க்கும் ஒவ்வொரு பழைய கணினியிலும் தேடி நீக்குவது ஒன்று உண்டு: எஸ்எம்பி 1. ஃபைல் பகிர்வுக்கான பழைய நெறிமுறை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது இதன் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து டிக்கை எடுத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. அப்புறம் ஒரு பழைய ஸ்கேனர் ஷேர்டு ஃபோல்டருக்குப் படம் அனுப்ப மறுக்கலாம். அதற்காக எஸ்எம்பி 1ஐத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஸ்கேனருக்கு வேறு வழி பாருங்கள்.

இந்தப் பட்டியலில் அணைப்பது பொதுவாக டிஸ்க்கை விட்டுப் போய்விடாது, கிடங்கில் இருக்கும். இடம் மிச்சமாகாது. ஆனால் தவறாகிவிட்டால் மறுபடி டிக் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இந்த வசதிதான் பெரிது. சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் போடாமல் நான் இதைக்கூடத் தொடுவதில்லை.

அந்த மாணவரிடம் ரெஸ்டோர் பாயின்ட் இல்லை. ஃபைல்களை வெளியே எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே போட வேண்டியதாயிற்று. முடிந்ததும் அவரையே உட்காரவைத்து செட்டிங்ஸில் ஆப்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் படித்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் நீக்கியது மூன்றே மூன்று. மூன்றும் விளையாட்டுகள்.