பிறப்பிடமா, காய்ச்சிடமா?

வேலூரில் நான் கலந்துகொண்ட ஒரு தொல்லியல் கருத்தரங்கில், பழங்காலக் கண்ணாடி மணிகளின் படமொன்றைத் திரையில் காட்டிய பேச்சாளர், ‘இவற்றின் பிறப்பிடம் அரிக்கமேடு’ என்றார். அடுத்த படத்திலேயே, ‘இவற்றின் பிறப்பிடத்தை வேதியியல் ஆய்வுதான் சொல்ல வேண்டும்’ என்றார். அவையில் யாரும் சிரிக்கவில்லை. இந்தக் குழப்பம் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. முதல் வாக்கியத்தில் அவர் கருதியது மணிகள் தோண்டி எடுக்கப்பட்ட இடத்தை; இரண்டாவதில் கருதியது அவற்றுக்கான கண்ணாடி உண்டான இடத்தை. அமெரிக்கத் தொல்லியலாளர் பலர் முன்னதை ‘ப்ராவீனியன்ஸ்’ என்றும் பின்னதை ‘ப்ராவனன்ஸ்’ என்றும் பிரித்தே எழுதுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டையும் ‘பிறப்பிடம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

‘ப்ராவனன்ஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் இலத்தீன். ‘வெளிப்பட்டு வருதல்’ என்பது பொருள். பிறப்பு அதன் நேர்ப்பொருள் அன்று.

வேரின் நேர்ப்பொருளில் இல்லாதது பொருந்தியாவது வருகிறதா என்றால், அதுவும் இல்லை. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பது வழக்கம். நான் பிறந்தது ஆரணியில். சொந்த ஊர் குடியாத்தம். பெண் பார்க்க வருபவர்கள் ‘சொந்த ஊர் எது’ என்றுதான் கேட்பார்களே தவிர, பிறந்த ஊரை யாரும் கேட்பதில்லை. மனிதனுக்கே ‘எங்கிருந்து வந்தவன்’ என்பதைச் சொல்லாத சொல், பல கைகளும் பல துறைமுகங்களும் மாறிய கண்ணாடிக்கு எப்படிச் சொல்லும்? அதைவிடப் பெரிய குறை, பிறப்பு ஒருமுறைதான் நிகழும் என்பது. பழங்காலக் கண்ணாடியோ பெரும்பாலும் இரண்டு இடங்களில் உருப்பெற்றது. மணலையும் சோடா உப்பையும் பெரிய உலையிலிட்டு ஓரிடத்தில் கட்டி கட்டியாகக் காய்ச்சினார்கள்; அந்தக் கட்டிகளை வாங்கிய வேறோர் ஊர்ப் பட்டறைக்காரர் அவற்றை உடைத்து, மறுபடி இளக்கி, மணியாகவும் குவளையாகவும் ஆக்கினார்.

இதை விளக்க எனக்கு வெல்லத்தைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக் கொல்லையில் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி வெல்லமாக்குகிறார்கள். அது மண்டிக்கு வருகிறது. அங்கிருந்து எங்கோ ஒரு பலகாரக் கடைக்குப் போய்ப் பாகாகிறது. அதிரசம் அந்தக் கடையில்தான் உருவாகிறது, ஆனால் வெல்லம் அங்கே உருவானதன்று. பழுத்த மண்டிக்காரர் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்து, லேசான கரிப்பைக் கண்டதும், ‘இது உவர்நிலத்துக் கரும்பு’ என்று சொல்லிவிடுவார். வேதியியலார் செய்வதும் ஏறத்தாழ இதுதான். நாக்குக்குப் பதில் லேசர் கற்றையைக் கொண்டு, மயிரிழைப் பருமனுக்குக் கண்ணாடியைச் சுரண்டி, அதிலுள்ள பல பத்துத் தனிமங்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் அளக்கிறார்கள்.

அவர்கள் அளப்பது மணலையும் உப்பையும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நேட்ரான் என்னும் கனிம உப்பிட்டுக் காய்ச்சிய மத்தியதரைக் கடல் பகுதிக் கண்ணாடியில், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளான பொட்டாஷும் மக்னீசியாவும் தனித்தனியே 1.5 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும். தாவரச் சாம்பலிட்டதில் அதற்கு மேலே போகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காய்ச்சிய கண்ணாடியில் ஒரு பெரும் வகைக்கு, நம் வண்ணார்கள் வெளுப்புக்கு எடுத்ததைப் போன்ற உவர்மண் உப்பும், கருங்கல் தேய்ந்த மணலும் சேர்ந்ததால், அலுமினா என்னும் அலுமினிய ஆக்சைடு 5 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. நேட்ரான் கண்ணாடியிலோ அது பெரும்பாலும் 2, 3 விழுக்காடுதான். மணியை இழுத்து நறுக்கியவர் யார், எந்தத் தெருவில் உட்கார்ந்து நறுக்கினார் என்பதை இந்த எண்கள் சொல்லமாட்டா. ஆகவே, வேதியியல் ஆய்வு காட்டும் இடத்துக்குக் ‘காய்ச்சிடம்’ என்பதே பொருத்தமான சொல். இருப்பிடம், உறைவிடம் போல இலக்கணத்துக்கும் அது ஒத்துவருகிறது. பொருள் உருவம் பெற்ற இடத்தை ‘வனைவிடம்’ என்றும், தோண்டி எடுத்த இடத்தைக் ‘கிடைப்பிடம்’ என்றும் வைத்துக்கொண்டால் பேச்சாளருக்கும் நிம்மதி, கேட்பவருக்கும் நிம்மதி.

‘உருக்கிடம்’ ஆகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உருக்கு என்றால் எஃகு என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு வனைகிறவரும் உருக்கத்தான் செய்கிறார். ‘மூலம்’ என்று எழுதுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தச் சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவைத்திருக்கும் மருத்துவர்கள் எங்கள் ஊரில் நிறைய. ‘பூர்வீகம்’ வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிறப்பிடத்தைவிடத் தெளிவானதாகவே படுகிறது. தூய்மைக்காகத் தெளிவைப் பலிகொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கிடைப்பிடத்தைப் பிறப்பிடம் என்பது எவ்வளவு அபத்தமாக முடியும் என்பதற்கு உலுபுருன் கப்பல் நல்ல சான்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கியின் தென்கரையோரம் மூழ்கிய அந்தக் கப்பலில், வட்டவட்டமான கண்ணாடிக் கட்டிகள் சுமார் 175 கிடைத்தன. ஆய்வில் கோபால்ட் நீலக் கட்டிகளின் சேர்மானம் எகிப்தியக் கண்ணாடியோடு ஒத்துப்போயிற்று. இங்கே கிடைப்பிடம் கடலின் அடித்தரை, காய்ச்சிடம் எகிப்து, வனைவிடம் என்று ஒன்று அமைவதற்குள் கப்பல் முழுகிவிட்டது. பிறப்பிடம் என்று எழுதுகிறவர் இதில் எதை எழுதுவார்?

இதே மொழிபெயர்ப்பாளர்கள், கண்ணாடியின் சேர்மானத்தைக் குறிக்க உண்டாக்கிய மற்றொரு சொல் ‘வேதிக் கைரேகை’. கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும். கண்ணாடியின் சேர்மானமோ ஒரே கரையின் மணலைப் பயன்படுத்திய பல உலைகளுக்கும் பொதுவாக இருக்கும். ‘சேர்மானச் சாயல்’ என்றால் போதும். குடும்பச் சாயல் என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போல. அந்தச் சாயலும் கலங்கக்கூடியதே. உடைந்த சில்லுகளைப் பல இடங்களிலிருந்து சேர்த்து மறுபடி இளக்கும் வழக்கம் அன்றும் இருந்தது. இரண்டு கொல்லை வெல்லத்தை ஒரே பாகில் கரைத்தபின் மண்டிக்காரரின் நாக்கும் தடுமாறும். அப்படிப்பட்ட மணிக்குப் பதிவேட்டில் காய்ச்சிடம் என்ற கட்டத்தில் இரண்டு ஊர்களின் பெயரை எழுதலாம், வெறுமனே ‘கலப்பு’ என்றும் எழுதலாம்.