மகரக்கட்டு உடைந்தால் பாட்டு வகுப்பை நிறுத்த வேண்டுமா?

"ரீச்சர், மகனுக்குக் குரல் உடைஞ்சிட்டுது. இனிப் பாட்டுச் சரிவராது."

திருகோணமலையில் வீட்டோடு பாட்டு வகுப்பு நடத்தும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. நவராத்திரிக்கு முன்வரிசையில் நின்று பாடிய பையன் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறான். பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: வகுப்பை நிறுத்தாதீர்கள், சுருதியை, அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ச'வின் உயரத்தை, இறக்கச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்துக்கும் இடையில் பெரும்பாலான பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது மேல் 'ச'விலிருந்து கீழ் 'ச' வரை, கீழே இறங்குகிறது. இதைத்தான் மகரக்கட்டு உடைவது என்கிறோம். இது நோயல்ல, ஆனால் அடங்கச் சில மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு அதைவிடவும் கூட. பெண்பிள்ளைகளின் குரலும் சற்று இறங்கும், பலருக்கு அது வெளியே தெரிவதில்லை.

சிக்கல் வருவது வகுப்பில்தான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், கட்டை கூடினால் சுருதி உயரும். ஆசிரியை ஐந்தரைக் கட்டையில் பாடுவார், எல்லாப் பிள்ளைகளும் அதிலேயே பாட வேண்டும். அந்தப் பையன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான், இல்லாவிட்டால் வாயை மட்டும் அசைப்பான். தனி வகுப்புக்குக் காசு கட்டுவதே சுருதி பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கத்தான். அங்கேயும் ஆசிரியரின் சுருதியே என்றால் என்ன பயன்?

இந்த வயதுப் பையன் வந்தால் நான் முதலில் சுருதிப் பெட்டியைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல விடுவேன். கதைக்கும் குரல் எங்கே நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு கட்டை, ஒன்றரை, ஒன்று என்று வைத்துப் பார்ப்போம். ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் பஞ்சமம் ('ப') வரை போனால் போதும், மேல் சட்ஜம் (மேல் 'ச') இப்போதைக்கு வேண்டாம். நடுவில் குரல் சறுக்கிக் கீச்சிடும், பையன் தலையைக் குனிந்துகொள்வான். "சரி, விடு, கீழே வா" என்று உடனே அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் சிரிக்கக் கூடாது, இதில் நான் கண்டிப்பு. சம்பந்தர் பாடிய கோணேசர் பதிகம் ஒரு கட்டையில் பாடினாலும் புறநீர்மைப் பண்தான், ஐந்தரையில் பாடினாலும் புறநீர்மைதான்; சுருதி இறங்கினால் பண் மாறாது.

சங்கீத சபைத் தரப் பரீட்சை ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஆனால் நீடிக்கும் கரகரப்பை மகரக்கட்டு உடைவதுதான் என்று நினைத்துச் சும்மா விடாதீர்கள். மூன்று நான்கு வாரம் தாண்டியும் தொண்டை கம்மியே இருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். கத்திக் கத்திக் குரல்நாணில் சிறு முடிச்சுகள் வந்திருக்கலாம். பனங்கற்கண்டும் கற்பூரவள்ளியும் தொண்டைக்கு இதம்தான், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குள் போகிறது, குரல்நாணில் படுவதில்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் நிறையக் குடிக்கக் கொடுங்கள். கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வல்ல, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

வகுப்பில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் கேளுங்கள்: "என்ர பிள்ளைக்கு எத்தனை கட்டை? எப்பிடிப் பார்த்தனீங்கள்?" முதல் வகுப்பில் கூடவே இருங்கள். பாடிவிட்டு வந்த இரவில் தொண்டை நோகுது என்று பிள்ளை சொன்னால், அடுத்த வகுப்புக்கு முன்பே போய்க் கதையுங்கள்.