பட்டாம்பூச்சி அழகா இருக்கு, குழந்தை பேசுச்சா?

பேச்சு வராத குழந்தைங்களுக்குப் பயிற்சி குடுக்கற என்கிட்ட, இந்த வாரத்துல இந்த மாதிரி பேச்சு இது மூணாவது. ஒரு அம்மா போன்ல பேப்பர் பட்டாம்பூச்சி போட்டோவக் காட்டி "தினமும் கிராஃப்ட் பண்றோம் மேடம், ஆனாலும் பேச்சு வரல"ன்னாங்க. றெக்கை ரெண்டும் அச்சு அசலா ஒரே அளவு, பசை ஒரு சொட்டு வெளிய வரல, ரெண்டரை வயசுக் குழந்தை செஞ்சதாம்! நீங்க வெட்டும்போது அவன் என்ன பண்ணான்னு கேட்டேன். "சமத்தா உக்காந்து பாத்துட்டு இருந்தான்."

அதாங்க பிரச்சனையே. கிராஃப்ட் கிட் வாங்கிட்டா பேச்சு தானா வந்துடும்னு எவ்ளோ பேர் நம்பறாங்க! பசையும் பேப்பரும் பேச்சு சொல்லித் தராது, அதக் கையில வச்சுக்கிட்டு நீங்களும் அவனும் என்ன பேசிக்கறீங்கங்கறதுதான் கணக்கு, கோணலா வந்தா வரட்டும், கிழிஞ்சா இன்னும் நல்லது, ஏன்னா "அய்யோ கிழிஞ்சிருச்சு", "யாரு கிழிச்சா?", "நான் கிழிச்சேன்"னு மூணு வாக்கியம் அங்கயே கெடைக்குது. கிழிஞ்சுது, கிழிச்சேன் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த எந்த பிளாஷ்கார்டு காட்டும் சொல்லுங்க?

இன்னொரு வியாதி, கேள்வி. "இது என்ன கலர்? என்ன ஷேப்?"னு வாய்மொழிப் பரீட்சை வைக்காதீங்க. (நானே என் பொண்ணுகிட்ட இத பண்ணிருக்கேன், படிச்சவங்களுக்கும் வாய் சும்மா இருக்காது.) மாவ பிசையும்போது பிசை, உருட்டு, அமுக்குன்னு செய்யறதச் சொல்லுங்க. "பசை"ன்னு அவன் சொன்னா "ஆமா, பசை கையில ஒட்டிக்கிச்சு"ன்னு ஒரு படி நீட்டுங்க. பசை டப்பாவ மூடியே குடுங்க, தொறக்கச் சொல்லி கேக்கட்டும். கேக்கறதுக்குள்ள நீங்க தொறந்துடாதீங்க, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க ப்ளீஸ்.

மூணு வயசுக்குள்ள மணி, பட்டன், குட்டிக் காந்தம் எதுவும் கிட்டவே வேணாம், வாயிலதான் போகும். அப்பறம், ரெண்டு வயசு முடிஞ்சும் "அம்மா வா", "பால் வேணும்"னு ரெண்டு வார்த்தை சேரலன்னா கிராஃப்ட்டெல்லாம் அப்பறம், மொதல்ல காது டெஸ்ட் எடுங்க, பேச்சுப் பயிற்சிக்கு வாங்க. "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினாரு"ன்னு ஒக்காந்துடாதீங்க.

அந்த அம்மாகிட்ட, அடுத்த தடவ போட்டோ வேணாம், ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க, பட்டாம்பூச்சி பிரேம்ல இல்லாட்டியும் பரவால்ல, அவன் சத்தம் கேக்கணும்னு சொல்லி அனுப்பிருக்கேன்.