காய்ச்சலோடு பிள்ளை ஆளை மறந்தால்

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி, ஆறு வயதுப் பேரனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. மருந்துக்கடை மாத்திரையில் விட்டு விட்டு அடித்திருக்கிறது. “காய்ச்சல் கெடக்கட்டும் டாக்டர், புள்ள என்னையே யாரோ மாதிரி பாக்குறான்” என்றார்.

படுக்கவைத்து, பிடரியில் கைகொடுத்துத் தலையைத் தூக்கினேன். கழுத்து மடங்கவில்லை, தோளும் சேர்ந்து எழுந்தது. ரத்தப் பரிசோதனையில் பிறகு தெரிந்தது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

பேர்தான் ஜப்பான். இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்தது 1955-இல், நம் வேலூரில். கொக்கு, நாரையிடம் இருக்கும் கிருமி, பன்றியின் ரத்தத்தில் பல மடங்கு பெருகுகிறது. நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. பன்றியைப் பார்த்தால் நோய் தெரியாது. சினைப் பன்றி செத்த குட்டி போடலாம், அவ்வளவுதான். மாட்டுக்கொட்டகையில் இந்தக் கொசு மொய்க்கும், ஆனால் மாட்டிடமிருந்து நோய் பரவாது. டெங்கு கொசு பகலில் கடிக்கும். இது பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை. தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பிள்ளைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். பன்றிப் பட்டி வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கட்டும்.

கிருமி ஏறியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகும். ஆனால் மூளையைத் தாக்கிவிட்டால் நூற்றுக்கு 20 முதல் 30 பேர்வரை இறக்கிறார்கள். கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம்.

காய்ச்சலோடு பிள்ளை ஓயாமல் தூங்கி வழிந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால், கை கால் நடுங்கினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயந்துவிட்டது, காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போய் ஒரு ராத்திரியை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவே இல்லை. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் தண்ணீர் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் கடலூர் மாவட்டத்தில் இதற்குத் தடுப்பூசி இலவசம்: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று. விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

அந்தப் பையன் பிழைத்துவிட்டான். வலது கை மட்டும் இன்னும் நடுங்குகிறது. சோற்றை எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். பாட்டி உருண்டை பிடித்துக் கையில் வைத்துப் பழக்குகிறார். அவனுடைய தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கட்டமும் காலி.